உள்ளி எண்ணெய்

அந்த ஓட்டோக்காரரிடம் எதையும் இரண்டு தரம் சொல்லவேண்டும். ஒவ்வொரு தரமும் கழுத்தைத் திருப்பி வலக்காதைக் கொடுப்பார். இணுவிலில் ஏறியதிலிருந்து மடியில் என் குழந்தை காதைப் பிய்த்துக்கொண்டு வீரிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கோப்பாய்க்கு விடுங்கோ அண்ணை. அங்கை ஒரு வீட்டிலை காதுக்கு உள்ளிப்பூண்டு காய்ச்சின எண்ணெய் விடுவினம்.”

“சீழ் வடியுதோ?”

“ஓம்.”

கோப்பாய்க்குத் திரும்பும் சந்தியில் அவர் திரும்பவில்லை.

“எங்கை கொண்டுபோறியள்?” என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுத்தான் கதைத்தார்.

“எனக்கும் சின்னனிலை அம்மா உந்த எண்ணெயைத்தான் விட்டவ, தங்கச்சி. இடக்காது கேளாது.”

குழந்தையோடு இறங்கி ஓடிய அவசரத்தில், அவரின் இடப்பக்கத்திலிருந்தே நன்றி சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.