கறுப்பு நகக்காரி ட்வைலா

கோழித் தீவன மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, தான் வேலை பார்க்கும் தீவனக் கடைக்குள் வந்ததும் ட்வைலா ஹென்ஸ்லி முதலில் பார்ப்பது தன் நகங்களைத்தான். மூட்டைச் சாக்குக்கும் கறுப்பு நகச்சாயத்துக்கும் என்றைக்கும் ஒத்துவராது. ஓரம் பெயர்ந்திருக்கும். கல்லாவுக்கு அடியிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, விவசாயிகளைக் காக்கவைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பூச ஆரம்பிப்பாள். "அவசரம்னா நீங்களே தூக்கிக்கங்க. எனக்கு இது காயணும்," என்பாள். யாரும் தூக்கமாட்டார்கள். நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தின் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் வேடிக்கை பார்க்க வேறு அதிகம் கிடையாது. இருபத்தாறு வயதுப் பெண். உதட்டிலும் கறுப்புச் சாயம். ஆகஸ்ட் வெயிலிலும் கணுக்கால் வரை கறுப்புப் பாவாடை. காலில் ஆண்கள் போடும் பூட்ஸ். கழுத்தில் வட்டத்துக்குள் ஐந்துமுனை வெள்ளி நட்சத்திரம். நிலாவையும் பருவங்களையும் வணங்கும் விக்கா வழிக்காரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொல்லையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, ஒரு கிண்ணம் பீரும் ஒரு துண்டு சோள ரொட்டியும் வைப்பாள். ஊதுவத்தி மட்டும் கிடையாது, ஏற்றினால் தும்மல் நிற்காது. இந்தத் தும்மல்காரியைத்தான் ஊரில் பாதிப்பேர் ஆடு அறுத்து ரத்தம் குடிப்பவள் என்று பேசுகிறார்கள். "ஆடா? கோழிக்குச் சீக்கு வந்தாலே அழுவுற ஆளு நான்," என்பாள்.

சாத்தானைக் கும்பிடுகிறாளாமே என்று கடையில் ஒருவர் அவள் காதுபடவே கேட்டார். "சாத்தான் உங்க ஆளு சார். உங்க புத்தகத்துல இருக்கான், உங்க பிரசங்கத்துல இருக்கான். எங்க வீட்ல அவனுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது," என்று பில்லைக் கிழித்து நீட்டினாள். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் அவளுடைய சீட்டாட்டம் நடக்கும். ராஜா ராணிச் சீட்டு அல்ல. ட்ராகன், மந்திரவாதி, பேசும் மரம் என்று படம் போட்ட சீட்டு. பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், முடியைப் பச்சையாக்கிக்கொண்டு அப்பாவிடம் அடி வாங்கினவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். சிப்ஸ் தின்ற கையைத் துடைக்காமல் சீட்டைத் தொட்டால் ட்வைலா கத்துவாள். மற்றபடி சத்தமெல்லாம் பிள்ளைகளுடையதுதான்.

சீட்டையும் நட்சத்திரத்தையும் ஊரார் ஒன்றாக முடிச்சுப் போடும்போது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என் சாமி வேற, என் சீட்டு வேற. என்னோட நிலா பாக்க வர்றவங்க இந்தச் சீட்டைப் பாத்துச் சிரிக்கிறாங்க. இந்தப் பசங்களுக்கோ நிலா எப்ப வருதுன்னே தெரியாது!"

போன அக்டோபரில் அந்த முடிச்சு அவள் கழுத்தையே இறுக்கியது. தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தும் ஜோலீன் ப்ரூவிட், தன் பதினைந்து வயது மகள் கெல்சியின் அலமாரியில் ஒரு கறுப்பு மெழுகுவத்தியைக் கண்டெடுத்தார். கெல்சி சனிக்கிழமை தவறாமல் சீட்டாட வருபவள். போதாததற்கு, இந்தச் சீட்டு நரகத்தின் வாசல் என்று ஒரு போதகர் பேசிய காசெட்டையும் ஜோலீன் கேட்டிருந்தார். கூடத்தைப் பூட்டச் சொல்லித் தீயணைப்புத் தலைவர் வெர்னிடம் போய் நின்றார்.

வெர்ன் கெட்டவர் இல்லை. வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். தீவனக் கடைக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சனிக்கிழமை மட்டும் அந்த நட்சத்திரத்தைக் கழட்டிடும்மா. ஒரு நீலச் சட்டை போட்டுக்க. ஜோலீனை நான் பாத்துக்கறேன்."

"அவங்க சிலுவையைக் கழட்டுவாங்களா?"

"அது எப்படிம்மா..."

"அப்ப இது மட்டும் எப்படி?"

"கூடம் போயிடும், ட்வைலா. பசங்க எங்க போவாங்க?"

அந்தக் கேள்விதான் அவளை உட்கார வைத்தது. மூட்டைமேல் உட்கார்ந்து நகத்தைச் சுரண்டினாள். பயமாகத்தான் இருந்தது. கடைசியில் சொன்னாள்: "நான் இதைக் கழட்டினா, நம்ம மேல ஏதோ தப்பு இருக்குன்னு அந்தப் பசங்களே நம்பிடும். மாட்டேன், வெர்ன்."

சனிக்கிழமை ஜோலீனே கூடத்துக்கு வந்துவிட்டார், பின்னாலேயே வெர்ன். ஆட்டம் நின்றது.

"என் பொண்ணுக்கு நீ சூனியம் சொல்லித் தர்றியா?"

உண்மை என்னவென்றால், கோடையில் கெல்சி தானாகவே வந்து, விக்கா கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள். பெற்றோருக்குத் தெரியாமல் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில்லை என்பது ட்வைலாவின் விக்கா கூட்டத்தில் கட்டுப்பாடு. திருப்பி அனுப்பிவிட்டாள். இதைச் சொல்லியிருந்தால் கூடம் தப்பியிருக்கும், கெல்சி மாட்டியிருப்பாள்.

"இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

"பொய்! வெர்ன், பூட்டுங்க!"

நாற்காலி கிறீச்சிட்டது. கெல்சி எழுந்து நின்றாள். "நான்தாம்மா போய்க் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. பதினெட்டு ஆகட்டும், இல்லாட்டி உங்கம்மாவைக் கூட்டிட்டு வான்னாங்க. மெழுகுவத்தி நானா வாங்கினது."

ஜோலீன் மகளைப் பார்த்தார், ட்வைலாவைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அப்ப இங்க என்னதான் பண்றீங்க எல்லாரும்?" என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"ட்வைலா, அதைச் சட்டைக்குள்ளயாவது போட்டுக்கம்மா," என்று வெர்ன் கிசுகிசுத்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. பூட்ஸ் காலால் எதிர் நாற்காலியை வெளியே தள்ளினாள். நட்சத்திரம் மார்பில் ஆடிக்கொண்டிருக்க, தன் சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கி, ஜோலீனுக்கு முன்னால் வைத்தாள்.

"சீட்டை வெட்டுங்க," என்றாள்.