சப் ஜெயில் வாசலில் மாராத்தாள் அக்கா

கோபாலபுரத்திலிருந்து வைக்கோல் ஏற்றிவந்த வண்டிக்காரர்தான் சொன்னார்: "ஏனுங்க, உங்க ஜெயில் மாராத்தாக்கா தவறிட்டாங்க." சோற்றில் கை வைத்திருந்தேன். கழுவிக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பினேன்.

கைதிகளைப் பார்க்க வரும் பெண்களைச் சோதிக்கும் வேலை அக்காவுக்கு. வாசல் காவல் எனக்கு. பல வருஷம் ஒரே வேப்பமர நிழலில் நின்றோம். இந்த ஊர்க்காரர்களான உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பெண்கள் அவரிடம் முந்தானையை உதறிக் காட்டியவர்கள்தான், திட்டியவர்களும்தான். புகையிலை, கள், அபின் எதுவும் உள்ளே போகக் கூடாது. பிடிபட்டால் கொண்டுவந்தவருக்கும் ஜெயில் என்பது சட்டம். அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தொடுவதற்கு முன் கேட்பார்: "இருந்தாக் கொடுத்துருங்க அம்மணி. நாந் தொட்டப்புறம் குத்தமாயிரும்." கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை, திரும்பும்போது பொருளை வாங்கிக்கொண்டு போகலாம். மறைத்தவர்களுக்குத் தயவே கிடையாது. கேள்வி ஒரே தடவைதான். எவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணானாலும் இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத் தெரியும்" என்று பிடிபட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

அக்காவுக்கும் வந்தது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவருடைய மருமகன் உள்ளே வந்தான். அவனைப் பார்க்க ஒரே மகள் பழனியம்மாள் வந்தாள். அக்கா கேட்டார். "இல்லீங்கம்மா" என்றாள். மறுபடி கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அதற்கும் இல்லை என்றாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "கண்ணு, இருந்தாக் கொடுத்துரு" என்றார். அவள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டாள். சேலைக் கொசுவத்தில் புகையிலைப் பொட்டலம் இருந்தது.

வேறு யாரும் பக்கத்தில் இல்லை. "அக்கா, நா ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன்.

"நாம் பாத்துட்டனே தம்பி" என்றார். நேரே ஜெயிலரிடம் போனார்.

மாஜிஸ்திரேட் பழனியம்மாளுக்குச் சிறை போட்டார். பெண்கள் அறைக்கு அனுப்புமுன் அவளைச் சோதித்ததும் அக்காதான். எனக்குப் பயமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. அப்படி ஒரு மனுஷியை முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. விடுதலையான மகள் அதற்குப் பிறகு தாய்வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சாவுக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் சேராமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றாள். அழவில்லை. "பெத்த புள்ளைன்னுகூடப் பாக்கலீங்க. எல்லாரையுங் கேக்கறாப்பலதான் என்னையுங் கேட்டாங்க" என்றாள்.

"எல்லாரையும் ஒருக்காத்தான் அம்மணி கேப்பாங்க. உன்னைய மூணு தடவ கேட்டாங்க."

என் முகத்தையே பார்த்தாள். "மத்தவங்கள ஒருக்காத்தானுங்களா?"

ஆமாம் என்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். "எங்கம்மா" என்று அவள் அழுத அழுகை தெருமுனைவரை கேட்டது.

எத்தனையோ சட்டம் பார்த்தாயிற்று; எல்லாம் மறந்துபோகும். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த மூன்றாவது கேள்விதான்.