எனக்கு வராத தொய்வு

முதலில் நாக்கில் படுவது பிளாஸ்டிக்கின் கசப்பு, அதன்மேல் நான் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த மிண்ட் இனிப்பின் குளிர். இரண்டும் கலந்து ஊதுவாய் ஈரமான பிறகுதான் சத்தம் வரும், மூடிய பால்மாத் தகரப் பேணிக்குள் அகப்பட்ட குளவியின் சத்தம். எண்பதுகளின் கடைசியில், லண்டன் மோர்டனில், பெரியப்பாவின் வீட்டு மேல்மாடிப் பின்னறையில், பதின்மூன்று வயதுச் சிறுமியாக நான் ஊதிய அந்தக் கறுப்புக் குழலுக்கு "சாண்டர்" என்று பெயர். ஸ்கொட்லாந்துக்காரர் பாவாடை கட்டிக்கொண்டு, கமக்கட்டுக்குள் பையை இடுக்கி ஊதுவார்களே பாக்பைப், அதைப் பழகுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். பை இல்லை, வெறும் குழல், ஒரு முழ நீளம் இருக்கும். இதைப் பற்றி இனிமையாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நினைக்க நினைக்க இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது.

குழலைத் தந்தவள் ஷீனா. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். அவளுடைய தகப்பன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து லண்டனில் பஸ் ஓட்டினார். சனிக்கிழமைகளில் ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலய மண்டபத்துக்குக் குடும்பமாகப் போய் ஊதுவார்கள். அவளுக்குப் பெரிய பைப் கிடைத்ததும் பழைய சாண்டரை என் மடியில் போட்டுவிட்டாள். மதிய இடைவேளைகளில், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குள் இருந்து, அவள் காட்டக் காட்ட நான் பிழைவிட, இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே பழகினோம். அந்தக் குழலில் மொத்தமே ஒன்பது சுரங்கள். சத்தத்தைக் கூட்டி ஊதவும் ஏலாது, குறைத்து ஊதவும் ஏலாது, இடையில் மூச்சை நிறுத்தவும் கூடாது. ஒரே சுரம் இரண்டு முறை வந்தால் மேல்விரல் ஒன்றைச் சட்டென்று தூக்கி வைத்துப் பிரிக்கவேண்டும். அதை நாங்கள் "வெட்டு" என்போம். ஒரு வெட்டு சரியாக விழ எனக்கு ஒரு மாரிகாலம் பிடித்தது.

அண்ணையிடம் கிட்டார் இருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவருடைய பிறந்தநாளுக்குப் பெரியப்பாவே வாங்கிக் கொடுத்த கிட்டார் அது, இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டுகளை அடித்துக்கொண்டிருந்த மனிதர் என் சத்தம் தாங்காமல் ஒருநாள், "கொஞ்சம் பொறு, நானும் வாறன்" என்று சேர்ந்தார். முதல் நாள் இரண்டும் நாயும் பூனையும்தான். சாண்டரின் சுருதி எந்த ஒழுங்குக்கும் அடங்காத இடத்தில் நிற்கும், அதைத் திருகி இறக்க ஒரு வழியும் இல்லை. கடைசியில் அண்ணை "கேப்போ" என்கிற கிளிப்பைக் கிட்டாரின் கழுத்தில் பூட்டி, கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி, என் குழலுக்குத் தன்னைக் கொண்டுவந்து சேர்த்தார். "உன்ர குழல் ஒருத்தருக்காகவும் இறங்கி வராது, நான்தான் ஏறி வரவேணும்" என்று தினமும் புறுபுறுப்பார். ஆனால் தினமும் ஏறி வந்தார்.

நாங்கள் வாசித்தது "ரீல்" என்கிற ஆட்ட மெட்டுகள். முன்பாதி இரண்டு முறை, பின்பாதி இரண்டு முறை, முடிந்த கையோடு நிற்காமல் மறுபடி தலையிலிருந்து. வேகம் பிடித்துவிட்டால் விரல்களே ஓடிக்கொண்டிருக்கும். பின்பாதியில் ஓர் இடத்தில் நான் அதே சுரத்தில் நிற்க, அண்ணை கீழே "கோர்ட்" என்கிற சுரக்கூட்டை மாற்றுவார், அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். ஊரிலிருந்து ஓடிவந்து, அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்க, இன்னொருவர் வீட்டு ஒற்றை அறையில் அம்மா, அண்ணை, நான் என்று மூன்று பேராகச் சுருண்டு கிடந்த எனக்கு, என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்த ஓர் இடம்தான். அம்மா தடுக்கவில்லை. ஊதினால் குழலுக்குள் நீர் கோர்க்கும், அதை அடிக்கடி உதறவேண்டும். "சமைக்கிற இடத்தில துப்பலை உதறாதை, மேல கொண்டுபோய் உதறு" என்பதோடு அம்மாவின் ஆட்சேபம் முடிந்தது.

கோடை தொடங்கும்போது ஷீனாவின் மண்டபத்தில் ஓர் ஆட்ட நிகழ்ச்சி வந்தது. ஆடுகிறவர்களுக்கு ஒரு ரீல் வரிசையை நானும் அண்ணையும் வாசிக்கவேண்டும் என்று கேட்டார்கள். எங்களையா! மூன்று கிழமையாக அறையில் வேறு பேச்சில்லை. அந்தச் சந்தோஷத்தில் பெரியப்பா கடையிலிருந்து வரும் நேரத்தை மறந்துவிட்டோம். கதவைத் திறந்துகொண்டு நின்றார். கிட்டாரைப் பார்த்தார், ஒன்றுமில்லை. என் வாயைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது, வாயால ஊதுறாய்? ஊதுறது எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ?"

இது நாதஸ்வரம் இல்லை, ஸ்கொட்லாந்து வாத்தியம், அங்கே ராணிக்கு முன்னாலேயே ஊதுவார்கள் என்று நான் சொன்னேன். "எந்த நாட்டு வாத்தியமெண்டால் என்ன, எச்சில் எச்சில்தானே. நாளைக்கு உன்னைப் பொம்பிளை கேட்டு வாறவங்களுக்கு நான் என்ன சொல்லுறது?" அப்படியென்றால் கிட்டார்? "அது விரலால. அது வேற."

எப்படி இருக்கிறது நியாயம்! குண்டுக்குப் பயந்து ஆளுக்கொரு பையோடு ஓடிவந்த சனம். வீடு விட்டோம், காணி விட்டோம், படங்களைக்கூட விட்டுவிட்டு வந்தோம். ஆனால் எந்தச் சாதி எதை ஊதலாம், யார் எச்சில் யாருக்குத் தீட்டு என்கிற குப்பையை மட்டும் ஒரு தூசு கொட்டாமல் மோர்டன் வரைக்கும் சுமந்து வந்திருக்கிறோம். விசா கேட்கப்படாமல் லண்டனில் இறங்கிய ஒரே சாமான் அதுதான். அந்த வீட்டில் "சாதி" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். "எங்கட ஆக்கள்" என்பார்கள், அவ்வளவு நாகரிகம்.

ஆனால் ஷீனா வீட்டுக்கு என்ன சொல்வது? வெள்ளைக்காரரிடம் போய், ஊதுவது எங்கள் குலத்துக்கு இழுக்கு என்று சொல்ல முடியுமா? வெட்கக்கேடு. கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர் பெரியப்பா, ஆங்கிலம் பிரமாதம். ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு, அம்மா சுட்ட பயத்தம் பணியாரத்தை ஒரு பெட்டியில் அடுக்கி, சாண்டரைத் துணியில் சுற்றி, என்னையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஷீனாவின் தாயிடம் சொன்னார்: பிள்ளைக்குத் தொய்வு, மூச்சு முட்டுகிறது, டொக்டர் ஊதவே கூடாது என்றுவிட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன். எந்த டொக்டர்? எந்தத் தொய்வு? அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷீனாவின் தாய் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். ஷீனா குழலை வாங்கி, "நீ சுகமானதும் வந்து எடு, பத்திரமாக வைத்திருப்பேன்" என்றாள். இல்லாத வருத்தம் எப்படிச் சுகமாகும்?

காரில் திரும்பும்போது பெரியப்பா இன்னொன்றும் சொன்னார்: "குடுத்த வாக்கு மாறக் கூடாது. தம்பி போய்க் கிட்டாரை அடிக்கட்டும்."

அண்ணை போனார். மாடிப்படியில் என்னை மறித்து, "என்ன செய்யிறது, அவற்ர வீட்டில எல்லோ இருக்கிறம்" என்றார். அது உண்மைதான், உண்மை என்பதால்தான் இன்னும் கூடக் கோபம் வந்தது. நானும் போனேன், பார்வையாளராக; பொய் அவிழ்ந்துவிடும் என்று அம்மா என் கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றிவிட்டார், கொதிக்கிற வெயிலில். ஷீனாவின் தாய் எனக்கென்று ஜன்னலோரம் கதிரை போட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்து, காற்று வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேடையில் ஷீனா ஊதினாள், என் ரீலை, என் அண்ணையோடு. என்னைவிட நன்றாக ஊதினாள் என்பதையும் சொல்லிவிடவேண்டும், அதுவும் எரிந்தது. பின்பாதியில் அந்த இடம் வந்தபோது அண்ணை கோர்ட்டை மாற்றிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மடியில் விரல்கள் தம் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தன.

தொய்வு அத்தோடு விடவில்லை. ஷீனா அக்கறையாக விளையாட்டு ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். ஓட்டத்திலிருந்து என் பெயரை எடுத்தார்கள். படியேறினால் யாராவது பையை வாங்கிக்கொண்டார்கள். பள்ளி முடியும்வரை நான் நோயாளி. ஷீனாவின் குடும்பம் ஸ்கொட்லாந்துக்கே திரும்பியது, பத்திரமாக இருந்த குழலும் போயிற்று. அண்ணையின் கிட்டார் கம்பி அறுந்து, பிறகு அலுமாரிக்கு மேல் ஏறி, பிறகு காணாமலே போனது. மோர்டன் வீட்டை விற்றாயிற்று.

சென்ற கோடையில் கிங்ஸ்பரியில் ஒரு மண்டபத்தில் பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை வாசலிலிருந்து அழைத்து வந்தது யார் தெரியுமா? பாவாடை கட்டிய வெள்ளைக்காரப் பைப்காரன். இப்போது அதுதான் "ஸ்டைலாம்". கன்னம் உப்ப, எச்சில் ஒழுக ஊதினான். யாருக்கும் தீட்டுப் படவில்லை. பெண் மாப்பிள்ளையோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள், சொந்தக்காரர் மேசையில் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். தாலிக்கு வாசித்த நாதஸ்வரக்காரருக்கு? பின்கதவில் பார்சல்.

பெரியப்பா சக்கர நாற்காலியில் இருந்து கைதட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பிள்ளை, நீயும் முந்தி இது பழகினனீ எல்லோ? ஏன் விட்டனீ?"

நான் வாய் திறக்குமுன் அவரே பதிலும் சொன்னார்: "ஓமோம், உனக்குத் தொய்வெல்லோ. பாவம்." மனமார இரங்கினார். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பி, இத்தனை வருஷம் எனக்காகக் கவலையும் பட்டிருக்கிறார்!

"எனக்கு ஒருநாளும் தொய்வு இருக்கேல்லை, பெரியப்பா! அது நீங்கள் சொன்ன பொய்!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பைப்காரன் எழுந்து ஒரு ரீலைத் தொடங்கினான். பெரியப்பா காதில் கைவைத்து, "என்ன பிள்ளை?" என்றார். மறுபடியும் கத்தினேன், மூச்சு முட்டவில்லை, நெஞ்சு நிறையக் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் குழல் ஒருவருக்காகவும் இறங்கி வராது.