அப்பா குறித்த விதைநாள்

தர்பூசணிக்குக் குளிர் ஆகாது. மார்கழிப் பனியில் போட்ட விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும். பனி முழுக்கப் போகட்டும் என்று காத்திருந்தாலோ, எல்லோரும் பழம் தின்று அலுத்த பிறகுதான் நம் கொடியில் காய் பழுக்கும். என்றைக்கு விதைப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு மார்கழி முழுக்க வாக்குவாதம் நடந்தது. வாக்குவாதம் என்றால், அப்பா பேசுவார், அத்தை கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, எங்களுக்கு முக்கால் ஏக்கர் மணல் நிலம் இருந்தது. அப்பாவுக்குச் செங்கல்பட்டில் அலுவலக வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டவள் அவருடைய தங்கை. மாமா இறந்த பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவள்.

அந்த வருஷம் அப்பா சென்னையில் அலைந்து வீரிய விதை ஒரு டப்பா வாங்கி வந்தார். கடையில் இருந்த கடைசி டப்பா அதுதானாம். கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வந்தது. விடியற்காலையில் அது மூன்று நாள் தொடர்ந்து இருபத்தொன்றுக்குக் குறையாமல் காட்டினால் விதைக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"பனி இன்னும் உடையல அண்ணே. காலையில மண்ணுல கால் வெச்சா ஜில்லுனு கீது" என்றாள் அத்தை.

"உன் காலு இன்னா தெர்மாமீட்டரா?" என்றார் அப்பா.

தெர்மாமீட்டர் கொல்லையில் முருங்கை மரத்தில் தொங்கியது. தினமும் விடிந்ததும் அதைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலை எனக்கு. நான்காம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அது பெரிய பதவி. முதல் வாரம் பல் கிட்டிக்க ஓடிப்போய், கண்ணாடி மேல் நிற்கும் பனித்தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பதினெட்டு. பத்தொன்பது. மறுபடியும் பதினெட்டு. நோட்டைப் பார்த்ததும் அப்பாவின் முகம் சுருங்கிப்போகும். ஒருநாள் இருபது என்று எழுதியிருந்தேன். என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மறுநாள் போர்வையை விட்டு வெளியே வர மனமில்லை. படுத்தபடியே இருபத்தொன்று என்று எழுதினேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். அடுத்த நாள் இருபத்திரண்டு. அதற்கடுத்த நாளும் இருபத்திரண்டு. ஏறுகிற எண்ணுக்கு அப்பா இப்படிச் சந்தோஷப்படுவார் என்றால் இன்னும் ஒன்றிரண்டு கூட்டி எழுதியிருக்கலாமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

"நாளைக்கே போட்டுடு" என்றார் அத்தையிடம். அத்தை நோட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி அண்ணே" என்றாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குழிகளெல்லாம் எரு போட்டு மூடி, தண்ணீர் ஊற்றி ஈரமாக இருந்தன. காலியான டப்பா கிணற்றடியில் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. மறுநாள் இருட்டு பிரியும் முன்பே முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். பதினேழு.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு முளைகூட இல்லை. பக்கத்து நிலத்துக்காரர், தான் அவசரப்பட்டுப் போட்ட விதை கூழாகிக் கிடந்ததை அப்பாவுக்குத் தோண்டிக் காட்டினார். அப்பா வந்து எங்கள் குழி ஒன்றை விரலால் கிளறினார். ஒன்றும் அகப்படவில்லை.

"விதையே காணோமே?"

"எறும்பு இழுத்துகினு போயிருக்கும்" என்றாள் அத்தை.

அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அத்தையிடமாவது சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் கழித்து, பள்ளிக்கூடத்திலிருந்து நேராக நிலத்துக்குப் போனேன். அத்தை வைக்கோல் போருக்குள் கையை விட்டு ஒரு ஈரத்துணி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்தாள். உள்ளே அத்தனை விதைகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தை, நான் பொய்யா எழுதிட்டேன்" என்றேன்.

"தெரியும். அந்தத் தெர்மாமீட்டர் கண்ணாடி மேல பனித்தண்ணி யாரும் தொடைக்காம அப்படியே நின்னுகினு இருந்துச்சு மூணு நாளும். அழுவாத. ரெண்டு நாளா காத்து மாறிக்கீது. குழிக்கு மூணா போடு, மூக்கு ஒடியாம."

பொழுது சாயும் வரை இருவரும் குனிந்து குனிந்து போட்டோம். அப்பாவின் பஸ் வருவதற்குள் கை கழுவி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு காலை நிலத்திலிருந்து அப்பாவின் குரல் தெருவரை கேட்டது. குழிக்குக் குழி முளை இரட்டை இலை விரித்து நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "நான் குறிச்ச நாளு தப்பாவுமா? கொஞ்சம் லேட்டா வந்துது, அவ்ளோதான்" என்றார். "ஆமா அண்ணே" என்றாள் அத்தை. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. அம்மா சுட்ட தோசையில் ஏழு தின்றேன்.

பங்குனியில் பழம் நன்றாகவே வந்தது. லாரி நிலத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. அப்பா அலுவலகத்தில் பலருக்கும் தெர்மாமீட்டர் வாங்கச் சொல்லி யோசனை சொன்னார்.

அத்தை என்னைக் காப்பாற்றத்தான் அத்தனையும் செய்தாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, இன்னொருவர் வீட்டில் மறுத்துப் பேச முடியாத இடத்தில் நின்று நானும் சிலவற்றுக்குச் "சரி" என்று சொன்ன பிறகுதான் மற்றது புரிந்தது. அண்ணன் சொன்ன நாளில் போட்டு விதை அழுகியிருந்தால், போட்ட கை அத்தையுடையது. போடவில்லை என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தால், தூக்கிக்கொண்டு வெளியேற அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு டிரங்குப் பெட்டிதான். காற்று எப்போது மாறும் என்று அவளுக்கும் தெரியாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பயந்துகொண்டு தூங்கியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.