மருந்து யன்னலில் போத்தல் மணந்தவன்

வெயில் ஏற ஏற, ஆசுப்பத்திரி யன்னலுக்குக் கீழே வரிசையாக வைத்த போத்தல்களிலிருந்து சாராயம், மண்ணெண்ணெய், நல்லெண்ணெய், புளித்த தேன் என்று ஒவ்வொரு வீட்டு மணமும் கிளம்பி ஒன்றாய்க் கலந்து வரும். அந்தக் காலத்தில் மருந்துக்குப் போகிறவர்கள் வெறும் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கலக்கி வைத்திருக்கும் மருந்துத் தண்ணியை அதற்குள்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். போத்தல் இல்லாத வீடுகளும் இருந்தன; ஒரு போத்தலை நாலு வீட்டுக்காரர் இரவல் வாங்கித்தான் நோய் வருத்தம் மாற்றினார்கள்.

நான் படித்த தாதி இல்லை. பள்ளிக்கூடம் போன நாட்களைவிட மாடு மேய்த்த நாட்கள்தான் கூட. பதினெட்டு வயதில் வன்னிக் காட்டோரத்து ஆசுப்பத்திரி ஒன்றில் கூட்டித் துடைக்கச் சேர்ந்து, பிறகு நாற்பது வருடம் புண் கழுவி, படுக்கையில் கிடப்பவர்களின் மலப்பீங்கான் எடுத்து, செத்தவர்களின் கண்ணை மூடிவிட்டு, தாதி வேலையில் முக்கால்வாசியும் செய்தேன். அதில் முதல் வந்த வேலை போத்தல் மணக்கிறது. எங்கள் பக்கத்தில் தாதியை ‘மிஸி’ என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த மிஸி ஒருவர்தான் என்னை மருந்து யன்னலடியில் ஒரு கதிரையில் இருத்தி, “ஊத்த முன்னம் ஒவ்வொண்டா மணந்து பார். பூச்சி மருந்து மணந்தா அந்தப் போத்தலை உடைச்சுப் போடு. அழுதாலும் விடாதை” என்றார்.

மூக்கு எனக்குத் தகப்பன் வழியில் வந்தது. பற்றைக்குள் யானை நிற்பதைக் கண்ணில் காண முதலே மணத்தில் சொல்லுவார் ஐயா. “கண் பொய் சொல்லும், மூக்குச் சொல்லாது” என்பார். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு கட்டை தூரம் சுற்றி நடத்திக்கொண்டு போனார். கடைசியில் அங்கே நின்றது அயல்வீட்டு எருமை. அது வேறு கதை. யன்னலடியில் எனக்கு நல்ல பேர். நெல் விதைக்க வந்து குடியேறின ஆட்கள், “என்ன தம்பி, நேற்று நான் குடிச்சதை மனுசிக்குச் சொல்லிப்போடாதை” என்று பகிடி விடுவார்கள். “அண்ணை, முந்தநாள் குடிச்சதும் மணக்குது” என்பேன் நான். வரிசையே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே நான் வேளைக்கு எழும்பிப் போனேன்.

ஒரு மாரி மழைக்காலத்தில் எனக்குத் தடிமன் பிடித்தது. மூன்று நாளாக மூக்கு அடைத்து, பச்சை வெங்காயத்தை நசித்துப் பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. மிஸியிடம் சொன்னால் வேறொருவன் அந்தக் கதிரையில் இருப்பான். ஆகவே போத்தலைத் தூக்கி, மூக்கடியில் பிடித்து, தலையாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாரியாயி வந்தார். தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். இடுப்பில் ஐந்து வயது மகள் செல்வி, காய்ச்சலோடு. கையில் ஒரு மண்ணிறப் போத்தல். “சாம்பல் போட்டு மூணு தரம் கழுவிட்டேனுங்க” என்றார். நான் மணந்து, தலையாட்டினேன். மிஸி மருந்தை ஊற்றினார்.

மத்தியானம் மாரியாயியின் புருசன் பெருமாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளையின் வாயில் நுரை. பின்னால் மாரியாயி, மிச்ச மருந்தோடு அந்தப் போத்தலையும் கொண்டு வந்தார். மிஸி அதை ஒருதரம் மணந்தார், பூச்சி மருந்து; முகம் கறுத்துவிட்டது. ஒரு லொறியை மறித்து வவுனியாவுக்கு அனுப்பினோம். கனகராயன்குளம் தாண்ட முதலே பிள்ளை போய்விட்டது.

திரும்பி வந்த தாய் தகப்பனுக்கு முன்னால் வைத்து மிஸி என்னைக் கேட்டார்.

“காலமை இதை மணந்தனியோ?”

“ஓம் மிஸி. வடிவா மணந்தனான். ஒரு மணமும் இல்லை.”

“அப்ப வீட்டிலை போத்தல் மாறிப்போச்சு” என்றார் மிஸி மெதுவாக.

“எங்கிட்ட இருந்தது ஒரே போத்தல்தானுங்க!” என்று மாரியாயி கத்தினார். “மொதலாளி தோட்டத்துல பொறுக்குனது. ஒண்ணுதாங்க!”

ஒருவரும் நம்பவில்லை. என் மூக்கை ஊரே நம்பியது. பெருமாள் மனைவியை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த மனிதர் மாரியாயி கையால் சோறும் வாங்கவில்லை, தண்ணியும் வாங்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. நான் அந்த வழியால் சைக்கிளில் போகும்போதெல்லாம் இரண்டு புகையும் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் பார்த்தேன். பெருமாள் செத்த பிறகுதான் ஒன்றானது. இதற்கிடையில் மிஸியும் மாற்றலாகிப் போய், ஓய்வுபெற்று, இறந்தும்போனார்.

பிறகு சண்டை எல்லாரையும் அள்ளிக்கொண்டு போனது. வவுனியாப் பக்கத்து முகாமில், கூடாரத்துக்குள் காயங்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது, காலில் புண்ணோடு என் முன்னால் வந்து இருந்தவர் மாரியாயி. தலை முழுக்க நரைத்திருந்தது. புண்ணைக் கழுவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், எனக்கு அன்று தடிமன் என்றும், ஒன்றுமே மணக்கவில்லை என்றும், பொய் சொன்னேன் என்றும் சொல்லி முடித்தேன். அவர் காலை இழுக்கவில்லை. நான் கட்டி முடிக்கும்வரை இருந்தார்.

“அந்த மனுசன் உசுரோட இருக்கயில சொல்லியிருக்கலாமில்ல, தம்பி” என்றார். எழும்பிப் போய்விட்டார்.

இப்போது யன்னலடியில் போத்தல் வரிசை இல்லை. மாத்திரைக் குளிசையைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். பாணி மருந்து மூடி முத்திரையோடு வருகிறது. பழைய ஆசுப்பத்திரி இருந்த இடத்தில் அத்திவாரம்கூட மிச்சமில்லை. மாரியாயியும் போன மாரியில் இறந்துவிட்டார். செத்தவீட்டில், “பாவம், தன்ரை கையாலையே பெத்த பிள்ளைக்கு நஞ்சு குடுத்த மனுசி” என்று யாரோ கதைத்தது காதில் விழுந்தது. நான் எழும்பி, “இல்லை, அது என்ரை பிழை” என்று முழுவதையும் சத்தமாகச் சொன்னேன். பிறகு ஒரு பெடியன் வந்து என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான்.

“அப்பு, வயசு போனா எல்லாம் மாறித்தான் ஞாபகம் வரும். இந்தாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ.”