மதினி பேசிய மின்னல் பாடம்

எரிமலைப் படத்தைக் கரும்பலகையில் ஒட்டியதும் முதலில் சிரித்தவர் மதினிதான். "இது நம்ம புஸ்வாணப் பூச்சட்டியில்ல, டீச்சரம்மா? எவன் இம்புட்டுப் பெருசாச் செஞ்சான்?" என்றார். தாயில்பட்டியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டாசு ஆலைப் பெண்கள். மதினி என் அண்ணன் மனைவி. வீட்டில் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வகுப்பில் மட்டும் வேண்டுமென்றே டீச்சரம்மா. விருதுநகரில் ஒரு மருத்துவமனைக்கு வரவேற்பில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. கொஞ்சம் இங்கிலீஷ் பேசினால் போதும் என்றிருந்தார்கள். எப்படியாவது வெடி மருந்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் மதினியின் ஒரே ஆசை. நகக்கண்ணில் ஏறிய அலுமினியத் தூள் எந்தச் சோப்புக்கும் அசைவதில்லை என்று கையை விரித்துக் காட்டுவார்.

அன்றைய பாடம் இயற்கைச் சீற்றங்கள். படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேச வேண்டும். வெள்ளத்தின் படத்துக்கு, "வந்தா நல்லதுதான, வெம்பக்கோட்டை அணை நெறையும்" என்று ஒருத்தி தமிழில் சொல்ல, வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான். வானம் பார்த்த பூமியில் வெள்ளத்துக்குப் பயப்படச் சொல்லிக் கொடுப்பது, பட்டினி கிடப்பவனுக்கு அஜீரணத்தைப் பற்றிச் சொல்வது போலத்தான்.

மின்னல் படத்தை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆலைகளில் செய்த சரக்கை வெயிலில் களத்தில் காய வைப்பார்கள். மேகம் கூடினால் நனைவதற்குள் ஓடிப் போய் அள்ள வேண்டும். அதே மேகத்தில் மின்னல் வெட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். மதினி எழுந்து தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார்: மழை வந்தால் களத்துக்கு ஓடுவோம், மின்னல் வந்தால் கேட்டுக்கு ஓடுவோம், இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கே ஓடுவது? கேட்டுக்குத்தான் என்றேன். "நனைஞ்ச சரக்குக்கு யாரு பதில் சொல்லுவாக?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தப்பி வெளியே வந்தபின் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. சாலையில் நிற்பேன், என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார் மதினி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில் அது. ஆலைக்குள் செல்போன் கூடாது. எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் சுற்றியுள்ள எல்லா ஆலைப் பெண்களும் சாலையோரம் வந்து நிற்பார்கள். வீட்டு ஆண்கள் பைக்கில் விரைந்து வந்து, தங்கள் ஆளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். இதற்கு இங்கே முகம் காட்டுவது என்று பெயர்.

ஒரு கோடை மழை நாளில் அந்தச் சத்தம் கேட்டது. இடி என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் பைக்கை எடுத்துவிட்டார். பின்னால் நான் ஏறிக்கொண்டேன். சாலை நெடுகப் பெண்கள் மழையில் நனைந்தபடி நின்றார்கள். என் வகுப்புப் பெண்களும் நின்றார்கள். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மின்னலைக் கண்டு மதினியும் மற்றவர்களோடு கேட்டுக்கு வந்துவிட்டாராம். தூறல் விழுந்ததும், "ஐயோ, காஞ்ச சரக்கு" என்று திரும்பி ஓடியிருக்கிறார். அடுத்த மின்னல் அந்தக் களத்தில் இறங்கியது. எத்தனை வருடப் பழக்கம், கால் தானாகவே ஓடியிருக்கும். என் பாடம் எங்கே அந்தக் காலை நிறுத்தப் போகிறது?

இன்றும் வகுப்பு நடக்கிறது. மின்னல் படம் வரும்போது ஒட்டாமல் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறேன். அண்ணன்தான் என்னைக் கொல்கிறார். எங்காவது சத்தம் கேட்டால் சாப்பாட்டில் வைத்த கையை உதறிவிட்டு பைக்கை எடுக்கிறார். ஆலையில் இப்போது எங்கள் ஆள் யாரும் இல்லை. போன மாதம் அச்சங்குளம் பக்கம் சத்தம் கேட்டபோது நானும் பின்னாலேயே ஆட்டோவில் போனேன். தங்கள் ஆளைக் கண்டவர்களெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாலை காலியாகிவிட்டது. "வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றேன். ஆலைக் கேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரும்மா, இன்னும் ஆள் வரணும்ல" என்றார்.