திப்பி தின்ற மடு

ஓசூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்த சித்தப்பா, வாணியாற்று மடுவில் மீன் வளர்க்கப்போவதாக அறிவித்தார். மழைக்காலம் முடிந்து ஆற்றில் ஓட்டம் நின்றிருந்தது. தடுப்பணைக்குக் கீழே, எங்கள் மரவள்ளிக் காட்டை ஒட்டிய மடுவில் மட்டும் ஆளுயரத் தண்ணீர் கிடந்தது. அதற்கு முன் அவர் காடை வளர்த்தார், காளான் வளர்த்தார். தாடியைத் தவிர வேறெதுவும் அவரிடம் வளராது என்பாள் அம்மா. "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா பேசாம ஓசூருக்கே பஸ் ஏறிரு" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகிற ஒரே ஆள் சித்தப்பாதான். அவர் போய்விடக் கூடாதே என்று அந்த மீன்களுக்காக நான் தினமும் சாமி கும்பிட்டேன்.

சாமி கேட்டது. பங்குனிக்குள் கட்லாவும் ரோகுவும் என் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டன. அப்படியே விட்டிருக்கலாம். சித்தப்பாவுக்குத்தான் அவசரம்.

எங்கள் பக்கம் மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலைகள் உண்டு. மாவு எடுத்தபின் மிஞ்சுகிற ஈரச் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைத்தான் மாட்டுக்குப் போடுவோம். "மாடு திங்கறத மீனு திங்காதாண்ணா?" என்றார் சித்தப்பா. அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு டிராக்டர் திப்பி மடுவில் இறங்கியது.

நாலைந்து நாளில் தண்ணீர் கலங்கிப் புளித்த வாடை அடித்தது. ஓரத்தில் கால் வைத்தால் அடிச்சேறு கறுப்பாகப் புரண்டு, குமிழி குமிழியாக வந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். என் வெள்ளிக் கொலுசு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, "பாப்பாவ அந்தச் சேத்துல எறக்காதீங்க தம்பி" என்றாள். கொலுசைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை.

மறுநாள் விடியும்போது சித்தப்பா வாசலில் நின்று கத்தினார். "பாப்பா, ஓடியா! அண்ணா, நீங்களும் வாங்க!"

ஓடினோம். மடு முழுக்க வாய்கள். மீன்களெல்லாம் மேலே வந்து வட்ட வட்டமாக வாயைத் திறந்து திறந்து மூடின. "பாருங்கண்ணா, இன்னும் போடு, இன்னும் போடுன்னு கேக்குது!" நான் கைதட்டினேன். அப்பா சிரித்தார். சித்தப்பாவின் காரியம் ஒன்றைப் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான். மதியத்துக்குள் இன்னொரு டிராக்டர் திப்பி வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் தண்ணீரே தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை வெள்ளை வெள்ளையாக வயிறுகள். திறந்த வாய் மூடாமலே செத்திருந்தன. நேற்று கைதட்டிய இடத்தில்தான் நின்றிருந்தேன். சித்தப்பா இடுப்பளவு நீரில் இறங்கி, ஒவ்வொரு மீனாக எடுத்து நிமிர்த்தி நிமிர்த்தி விட்டார். விட்டதும் அது மறுபடி மல்லாந்தது. "நேத்துகூட கேட்டுதே பாப்பா, கேட்டுதே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மீனை எடுத்தார். அப்பாதான் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

இன்று ஆற்று நீரையும் ஆற்றுச் சேற்றையும் சோதிப்பதுதான் எனக்கு வேலை. தண்ணீரில் சக்கையோ சருகோ அளவுக்கு மீறி விழுந்தால், அதை மட்கவைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பிறகு அடிச்சேறு கறுக்கும்; அதிலிருந்து கிளம்புகிற வாயு வெள்ளியையும் கறுக்கவைக்கும். மீன்கள் மேலே வந்தது தீனிக்காக அல்ல, மூச்சுக்காக. அதை முதன்முதலில் வகுப்பில் கேட்டபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கரையில் நின்று சிரித்தோமே!

மீன்கள் செத்த அன்று பொழுது சாய்ந்ததும் சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அவருடைய பை கதவோரம் தயாராக இருந்தது. சித்தப்பா அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். சத்தமே வரவில்லை.

"பசியோட இருக்காதீங்க தம்பி, சாப்புடுங்க" என்று அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பசிதான் என்று நானும் நினைத்தேன். என் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.